தோப்பில் முளைத்த துரை

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. “வேலை போயிட்டுன்னு சொல்லும்மா, அதில என்ன வெக்கம்” என்று பக்கத்து வீட்டு அக்கா திருத்துகிறாள். வேலை போகவில்லை. வேலை அங்கேயே இருக்கிறது. அதைச் செய்ய ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களுக்குச் சரித்திரம் எழுதுவது என் தொழிலாக இருந்தது. இங்கிலாந்தில் ஒருவருக்குத் தன் பெயர் எங்கிருந்து வந்தது, அதே பெயரில் உலகத்தில் எத்தனை பேர், எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அறிய ஆசை வந்தால், அவர் பார்க்கும் இணையப் பக்கத்தை எழுதியவர்கள் நாங்கள். தன் தாத்தாவின் அப்பா பெயர் தெரியாதவர்கள் வெள்ளைக்காரனின் பதினாறு தலைமுறையைத் துப்புரவாகச் சொல்லும் அலுவலகம் அது. இப்போது அந்தப் பக்கங்களை ஒரு மென்பொருள் எழுதுகிறது. நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அது ஒரு மாகாணத்துக்கே பெயர்க்காரணம் சொல்லிவிடுகிறது. தப்பாகச் சொல்லும்போதும் அந்த வேகம் குறைவதில்லை. அதனால் தப்பைப் பிடிக்க மட்டும் சிலரை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி, என் கீழே வேலை பழகிய ஷெர்லின். “எக்கா, புதுசா வந்த பிள்ளைகளுக்குத் தப்புன்னா என்னன்னே தெரியல்ல. நம்ம புன்னை விஷயத்தை எழுதித் தாங்க, படிக்கக் குடுக்கேன்” என்று கேட்டாள். அவளுடைய சொந்த விஷயம் அது. அவளே கேட்டதால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்த ஆங்கிலப் பெயரையும் ஒப்பந்தப்படி மாற்றியிருக்கிறேன். ஆனால் கதை நடப்பதற்குத் தேவையான ஒலியை மாற்றவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு வந்தவளைப் பழைய ஆங்கிலக் கையெழுத்து வாசிக்க உட்கார வைத்தார்கள். முதல் வருடம் கண்ணாடி வாங்கினேன். இரண்டாம் வருடம் கண்ணாடி மாற்றினேன். மூன்றாம் வருடம் சசி சாரின் கீழ் போட்டார்கள்.

சசி சார் களியக்காவிளைக்காரர். பாதி வீடு தமிழ், பாதி வீடு மலையாளம். கத்த மாட்டார், திட்ட மாட்டார். நாம் எழுதிக் கொடுத்ததை வாங்கி, உணர்ச்சியே இல்லாமல், பேருந்து நிலையத்தில் ஊர்ப் பெயர் அறிவிப்பவர் போல உரக்க வாசிப்பார். எங்கே நாம் அழகாக எழுதியிருக்கிறோம் என்று நினைத்திருந்தோமோ அங்கே நிற்பார். “கொள்ளாம்,” என்பார். “பட்சே, ஆரு பறஞ்சது?” நன்றாக இருக்கிறது, ஆனால் யார் சொன்னது என்று அர்த்தம். அந்த வரி அத்தோடு செத்தது. அவரிடம் சந்தேகத்துக்குப் படிகள் உண்டு. ‘ஆகும்’ என்று எழுத வேண்டுமானால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் வேண்டும். ஒரே சாட்சி என்றால் ‘இருக்கலாம்’. சாட்சியே இல்லாமல் எல்லாரும் சொல்கிறார்கள் என்றால் ‘என்பார்கள்’. எல்லாவற்றையும்விட அவர் அடிக்கடி சொன்னது: “நமக்கு இஷ்டப்பட்ட பதில் வந்தா அதை ஒரு தடவை கூடுதல் சந்தேகப்படணும், கேட்டியா?”

அவர் கற்றுக்கொடுத்த இன்னொரு முறை, சாட்சியை விசாரிக்கப் போகும் இடத்தில் நம் கதையைச் சொல்லக் கூடாது என்பது. நமக்கு என்ன தெரியும் என்று தெரிந்தால் சாட்சி அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். மனிதர்கள் அவ்வளவு மரியாதைக்காரர்கள். இந்த முறையால்தான் பின்னால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது.

புன்னதோர்ப் என்ற பெயர் எங்கள் மேசைக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். வடக்கு இங்கிலாந்துப் பெயர். ‘தோர்ப்’ என்பது டேனிஷ்காரர்கள் கொண்டுவந்த சொல். பெரிய ஊரிலிருந்து பிரிந்துபோய் வயலோரத்தில் உண்டான சின்னக் குடியிருப்பு. நம் பக்கத்து ‘விளை’ மாதிரி. புன்னா என்று ஒரு ஆள் இருந்திருக்கலாம். அவன் குடியிருப்பு புன்னாதோர்ப் ஆகியிருக்கலாம். (ஒரு வாக்கியத்தில் இரண்டு ‘இருக்கலாம்’ என்றால் சசி சார் முகம் மலரும்.) அந்த ஊர் இப்போது இல்லை, ஒரு வயலும் ஒரு முடுக்கும் மிச்சம். அங்கிருந்து கிளம்பியவர்கள் பக்கத்து நகரத்துப் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். பெண்களாய்ப் பெற்று, திருமணமாகாமல் இருந்து, போருக்குப் போய், பெயர் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கு அந்த நாட்டில் உள்ள எல்லாப் புன்னதோர்ப்களையும் ஒரே பேருந்தில் ஏற்றினால் நின்றுகொண்டு வர ஆள் இருக்காது. அரிய பெயரில் ஒரு வசதி உண்டு. எல்லாரையும் தேடிப் பிடித்து, இன்னார் இன்னாருடைய மகன் என்று கோத்துவிடலாம். நாங்கள் கோத்துவிட்டோம். ஒருவர்கூட விடுபடவில்லை. ஒருவர்கூட இந்தியாவுக்கு வரவும் இல்லை.

ஆனால் கடைசி வேலையாக, இன்றைய உலகில் பெயர் எங்கே பரவியிருக்கிறது என்ற வரைபடத்தை எடுத்தபோது, இங்கிலாந்தில் மங்கலாக ஒரு புள்ளியும் இந்தியாவின் கால் நுனியில் நல்ல சிவப்பாக ஒரு புள்ளியும் இருந்தன.

ஷெர்லின் என் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். “எக்கா, இதில ஒண்ணு எனக்க அப்பாவாக்கும்.”

அவள் அப்பாவை ஊரில் புன்னை என்று கூப்பிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். முழுப்பெயர் அன்றுதான் தெரிந்தது. ஷெர்லின் எழுதுவது வெறும் ‘பு. ஷெர்லின்’. நம் ஊரில் அப்பா பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைத்தால் மறுபடி தலைகாட்டும். ஒரு தலைமுறை முழுகி, ஒரு தலைமுறை எழும்பி, நீர்க்காக்கை மாதிரிப் போகும் பெயர். இதை இங்கிலாந்துக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைப் பார்த்து மாவட்டமே விழித்து, அப்பா பெயரையோ வீட்டுப் பெயரையோ வாயில் வந்ததையோ எழுதிவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டது. வரைபடம் அதையெல்லாம் பயபக்தியோடு எண்ணியிருந்தது.

“போயிட்டு வா,” என்றார் சசி சார். “ஆரு, எங்ஙன, எப்பம்.”

கொட்டாரத்தில் ஷெர்லின் வீட்டில் வேலை சுலபமாக முடிந்தது. அவள் அப்பா வயலில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்: “எனக்க தாத்தாவுக்க பேராக்கும் எனக்கு. தாத்தாவைச் சின்னதில மிஷன் போர்டிங்கில சேத்தாவ. சீமையில ஒரு மதாம்மா சாப்பாட்டுக்கும் துணிக்கும் அனுப்பிக் குடுத்தாவளாம். அவிய பேரை வச்சிட்டாவ. மதாம்மைக்குக் கல்யாணம் ஆகல்ல. வேற என்ன பெருமை? பள்ளிக்கூடத்தில வாத்தியாரு ஆஜர் எடுக்கும்போ எனக்க பேருல மட்டும் இருமுவாரு.”

வெள்ளைக்காரச் சீமாட்டியை அவர்கள் சொல்லும் சொல் மதாம்மா. இங்கிலாந்துப் பக்கம் நாங்கள் கோத்த சங்கிலியிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். மிஷனுக்கு உதவியவள், திருமணமாகாதவள், பஞ்சாலை நகரத்தில் அண்ணன்மாரோடு வாழ்ந்தவள். தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள். ‘ஆகும்’ என்று எழுதினேன்.

இரண்டாவது வீடு என் ஊரிலேயே, இரணியலில். கேட்டுத் தூணில் பளிங்கில் ‘புன்னதோர்ப் வில்லா’ என்று பொறித்த வீடு. எனக்கு எட்டாம் வகுப்பில் ஆங்கிலம் எடுத்து, பின்பு தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற பொன்னையா சாருடையது. ஆலயத்தில் பாட்டு எண்ணைத் தவறாக அறிவித்தால்கூட எழுந்து திருத்துகிறவர். எனக்குத் துணையாக ஷெர்லின் வந்தாள். முறைப்படி, அவள் யார் மகள் என்று நான் சொல்லவில்லை.

“மக்கா ஜெபா, வா வா. ரிசீவ்ல ஐயையும் ஈயையும் மாத்திப் போட்டவ இண்ணைக்கு இங்கிலீஷ்காரனுக்கே ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்கியா? கலிகாலம்!” என்று வரவேற்றார். குடும்பப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாங்க துரை வம்சமாக்கும். புன்னதோர்ப் துரைன்னு ஒருத்தரு இங்ஙன வந்து, நம்ம ஊருப் பெண்ணைக் கட்டி, இங்ஙனயே இருந்தவரு. இந்தப் பேரு இந்தியாவில எங்களுக்கு மட்டுந்தான்.”

“உங்க அப்பா சொன்னாங்களா, சார்?”

“அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரு பாமரன். ஆபீஸ்காரன் எழுதின சர்ட்டிபிகேட்ல எல்லாம் ஆர் இல்ல, கடைசி ஈயும் இல்ல. தோப், தோப்புன்னு வச்சிருந்தான், மடையன். இங்கிலீஷில அப்படி ஒரு பேரு உண்டா? நான் டிரெயினிங் முடிச்ச வருஷம் எல்லாத்தையும் சரியாக்கித் திருத்தினேன். பேரு இங்கிலீஷு. அப்ப ஆளும் இங்கிலீஷ்காரன்தானே? லாஜிக்.”

நான் எழுதிக்கொண்டேன்.

“துரைக்குப் புன்னை மரம்னா உயிரு,” என்று தொடர்ந்தார். “வீட்டுக்குப் பின்னால வந்து பாரு. அவரு வச்ச தோப்பாக்கும்.”

போய்ப் பார்த்தோம். வீட்டின் பின்னால் வாய்க்கால் வரைக்கும் பெரிய புன்னை மரங்கள், கீழே கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, “தோப்பு வீட்டுக்கு விருந்தா?” என்று கேட்டாள். சார் அவளை முறைத்தார். “வில்லான்னு சொல்லுட்டீ.” அவள், “ஆமா வில்லா, தோப்புக்க வில்லா,” என்று சொல்லிவிட்டுப் பொறுக்கப் போனாள்.

மரங்களைப் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன். பெயர் தோப்புக்கு வந்ததா, தோப்பு பெயருக்கு வந்ததா என்பதை யோசிக்க எட்டாம் வகுப்பு போதும். அவர்கள் புன்னைத்தோப்பு வீட்டுக்காரர்கள். ஒரு எழுத்தர் அதை ஆங்கிலத்தில் காதால் கேட்டபடி எழுதினான். அவன் எழுதியது சரி. ஓர் ஆங்கில ஆசிரியர் அதைப் பிழை என்று நினைத்து ஒரு ‘ஆர்’ சேர்த்தார். அந்த ஆர் வழியாக ஒரு துரை கப்பலேறி வந்து, கல்யாணமும் முடித்து, மரமும் நட்டுவிட்டார்.

சாரிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சாட்சியோடு வாதாடுவது எங்கள் முறையில் இல்லை. அலுவலகத்தில் என் முடிவைச் சசி சார் அறிவிப்பாளர் குரலில் வாசித்தார். எங்கேயும் நிற்கவில்லை. “சாருக்க பேரு எதில சேக்கணும்னு பெறகு யோசிப்போம்,” என்று ஒதுக்கி வைத்தார்.

நான் கவனிக்காத ஒன்று அந்த வீட்டில் நடந்திருந்தது. எங்களுக்கு டீயும் பழம்பொரியும் கொண்டுவந்தது, மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மகன் ஜெனிஷ். ஷெர்லின் பழம்பொரி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அவன் கேட்கவில்லை. அடுத்த விடுமுறைக்குள் இரண்டு வீடுகளிலும் பேசி முடித்து நிச்சயமும் ஆனது. பேச்செல்லாம் வாய்வார்த்தைதான். பெண்ணின் அப்பா எல்லாருக்கும் ‘புன்னை அண்ணாச்சி’. மரத்தின் பெயர் என்று பொன்னையா சாருக்குப் பிடித்தும் இருந்தது. ஜெனிஷுக்கு மட்டும் ஷெர்லின் முழுப்பெயரைச் சொல்லியிருந்தாள். “அப்பாட்ட பைய சொல்லலாம்,” என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். அப்பாவுக்குப் பயப்படுகிற பிள்ளைகள் ஆலயத்தை மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று. முதல் ஓலை. போதகர் வாசித்தார்: “கொட்டாரம் சபையைச் சேர்ந்த திரு. புன்னதோர்ப் அவர்களின் குமாரத்தி ஷெர்லினுக்கும்…”

முன்வரிசையில் பொன்னையா சார் எழுந்தார். பாட்டு எண்ணில் ஏதோ பிழை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

“ஐயா, அந்தப் பேரை இன்னொருக்கா வாசிங்க.”

போதகர் வாசித்தார்.

“தடை உண்டு,” என்றார் சார்.

மாப்பிள்ளையின் அப்பாவே தடை சொன்னதை அந்த ஆலயம் அதற்கு முன்பு கண்டதில்லை. ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில் அவர் சொன்னது வெளியே நின்ற எல்லாருக்கும் கேட்டது. “ஒரே பேரு, ஒரே துரை, ஒரே ரத்தம். அவியளும் எங்க சொக்காரங்களாக்கும். அப்ப அந்தப் பெண்ணு இவனுக்குத் தங்கச்சி முறை. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் எப்படிக் கெட்டி வைக்க?” சொக்காரன் என்றால் பங்காளி, அப்பா வழியில் ஒரே குடும்பம். அதற்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எங்கள் பக்கத்தில் கிடையாது. போதகர் நல்லவர், இளைஞர், வேறு மாவட்டத்துக்காரர். அடுத்த ஞாயிறு சார் எழுந்து தடையை நீக்கினால் ஓலை தொடரும், இல்லையென்றால் நிறுத்திவைக்க வேண்டிவரும் என்றார். ஜெனிஷுக்கு விடுமுறை அதற்கு மேல் அதிகமில்லை.

ஷெர்லின் மறுநாள் அலுவலகத்துக்கு வந்து கணினியைக்கூடத் திறக்கவில்லை. “எக்கா, அவிய வீடு மரத்துக்க பேருன்னு நமக்குத் தெரியும். நீங்க சொன்னா கேப்பாரு. எங்களுக்கு ஒரு ஒறவும் இல்லன்னு சொல்லுங்க.”

“சொன்னா அவருக்குத் துரை இல்லாமப் போகுமே, ஷெர்லின்.”

“செத்தவரு போனா போகட்டும். எனக்கு இருக்கப்பட்டவன் வேணும்.”

அதில் பிழை காண முடியவில்லை. சசி சாரும் உடன் வந்தார். “ஞான் ஒண்ணும் மிண்ட மாட்டேன். நீ பறயுகது தப்பாப் போனா மட்டும் இருமுவேன்,” என்றார்.

பொன்னையா சார் வீட்டு முன்னறையில் அவர், அவர் மனைவி சுசீலா மாமி, கதவு நிலையில் சாய்ந்து ஜெனிஷ். நான் வழக்கம்போல வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். இங்கிலாந்தில் அந்தப் பெயர்க்காரர்கள் எல்லாரையும் கோத்துவிட்டோம், யாரும் இங்கே வரவில்லை. கொட்டாரம் குடும்பத்துக்கு வந்தது பெயர் மட்டும், ரத்தம் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பெயர் வந்தது பின்னால் நிற்கும் மரங்களால். ஆகவே உறவு எதுவும் இல்லை. கல்யாணத்துக்குத் தடையும் இல்லை. மெதுவாக, மரியாதையாக, ‘ஆகும்’ என்ற இடத்தில் ‘ஆகும்’ என்றே சொன்னேன். சசி சார் இருமவில்லை.

சார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: “அப்ப, தோப்புன்னு சொல்லப்பட்டதை நான் தோர்ப்னு கேட்டேன்னு சொல்லுகியா?”

“கேக்கல்ல, சார். திருத்தினீங்க.”

“முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவன், மக்கா. எனக்குத் தப்பாத் திருத்தத் தெரியாது.”

ஜெனிஷ் பொறுமை இழந்தான். “அப்பா, எனக்குத் துரையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்.”

“உனக்கு வேண்டாம். கேட்டுல எழுதி வச்ச எனக்கு வேணும்லா? நாளைக்கு ஊர்ல நாலு பேரு, தோப்புக்காரன் வாறான்னு சொல்லுவான்.”

“இப்பவும் அப்படித்தான் சொல்லுகாவ,” என்றாள் சுசீலா மாமி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: துரையா மகனின் கல்யாணமா என்று நான் அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் துரையின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறார். சரியான பதிலைக் கொண்டுபோனால் போதும் என்று பதினோரு வருடம் நம்பியிருந்தவள் நான்.

சுசீலா மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி ஜெபா, கொட்டாரத்துக்காரங்களுக்குப் பேரு குடுத்தது ஆணா பெண்ணா?”

“பெண்ணு, மாமி.”

“அந்த மதாம்மைக்குக் கூடப்பொறந்தவங்க உண்டுமா?”

“உண்டு. அண்ணன்மார் உண்டு.”

“அப்ப பாருங்க,” என்று கணவரிடம் சொன்னாள். “நாம துரைக்க வழி. அவிய தங்கச்சிக்க வழி. அண்ணன் பேருல ஒரு வீடு, தங்கச்சி பேருல ஒரு வீடு. அது எப்படி சொக்காரனாகும்? நேர் முறையாக்கும். அத்தை மவளைக் கெட்டுகதுக்கு எந்த வேதத்தில தடை எழுதியிருக்கு? நானும் உங்களுக்கு மாமா மவளாக்கும். முப்பத்தஞ்சு வருஷமா தடை ஒண்ணும் காணல்ல. இல்ல, இருக்கா?”

சார் தலை நிமிர்ந்தது. மெல்ல என்னைப் பார்த்தார். வகுப்பில் கேள்வி கேட்பதற்கு முன்பு பார்க்கும் பார்வை.

“மக்கா, மதாம்மைக்கு அண்ணன் உண்டுங்கது உறுதிதானே? இருக்கலாம், என்பார்கள், அப்படி ஒண்ணும் இல்லியே?”

“உறுதி, சார். ஆகும்.”

அடுத்த கேள்வியை, அந்த அண்ணன்மாரில் யாராவது இரணியலுக்கு வந்தார்களா என்பதை, அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சற்று முன்பே சொல்லியும் இருந்தேன். நான் சசி சாரைப் பார்த்தேன். தண்ணீர்த் தம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தார். இருமல் வராமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன்.

“பெண் வழி!” என்றார் பொன்னையா சார். “அதை மொதல்லயே சொல்லண்டாமா?”

பேருந்துக்கு நடக்கும்போது சசி சாரிடம், நாம் செய்தது சரியா என்று கேட்டேன். அவர் புன்னைத்தோப்பைத் திரும்பிப் பார்த்தார். “இங்கிலாந்திலயும் பெயரெல்லாம் இங்ஙனதான் உண்டாயி, ஜெபா. ஒரு ஆளு ஒரு மரத்துக்குக் கீழ இருந்தான். ஒருத்தன் அதைத் தப்பாக் கேட்டான். இன்னொருத்தன் தப்பாத் திருத்தினான். நானூறு வருஷம் கழிஞ்சப்போ நாம அதுக்குச் சரித்திரம் எழுதுகோம். அவங்களுக்கு உள்ள ஒரே யோக்யதை, திருத்தினவன் செத்துப் போனதாக்கும்.”

அந்த வாரம் புன்னதோர்ப் பக்கத்தை முடித்தேன். அதில் பெயருக்கு இரண்டு தோற்றங்கள் தந்தேன். முதலாவது, வடக்கு இங்கிலாந்தில் மறைந்துபோன ஒரு சிற்றூர், குறைந்துவருகிறது. இரண்டாவது, இந்தியாவின் தென்முனையில் ஒரு மரத்தோப்பு, தனியாக உண்டானது, பெருகிவருகிறது. சசி சார் வாசித்தார். எங்கேயும் நிற்கவில்லை. பெயரை உண்டாக்கியவரிடமே நேரில் உட்கார்ந்து கேட்டு எழுதிய பதிவு என் காலத்தில் அது ஒன்றுதான். இப்போதைய மென்பொருள் இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு டேனிஷ்காரரைக் கன்னியாகுமரிக்கு அனுப்பி வைத்திருக்கிறதாம். ஷெர்லின் அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கட்டுரையை ஷெர்லினிடம் தருவதற்கு முன்பு பொன்னையா சாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்றிருந்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். வேறு எதையும் தொடவில்லை.

இனி அந்த இரண்டாவது ஞாயிறு. தடையை நீக்குகிறேன் என்று சாரே எழுந்து சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டிருந்தார். ஊர் முழுக்க வந்திருந்தது. வழக்கமாகப் பிரசங்கத்துக்குப் பிறகு வருகிறவர்கள் மணி அடிக்கும் முன்பே இடம் பிடித்திருந்தார்கள். சார் எழுந்தார். “விசாரிச்சாச்சு. அவிய பெண் வழி. முறை உண்டு. தடை இல்ல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போதகர் நிம்மதியாக மூச்சு விட்டு ஓலையை விரித்தார். போன வாரக் கலவரத்தில் அந்தப் பெயரின் மேல் அவருக்கு ஒரு நடுக்கம் வந்திருந்தது. கொட்டாரத்துப் பெயரைக் கடந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெயரில் நாக்கு சறுக்கியது.

“இரணியல் சபை, புன்னைத்தோப்பு இல்லம், திரு. பொன்னையா அவர்களின் குமாரன் ஜெனிஷுக்கும்…”

வாழ்நாள் முழுவதும் ஒரு பிழையையும் விட்டுவைக்காத மனிதரின் முதுகை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். போதகருக்கும் தெரிந்துவிட்டது, தாளிலிருந்து கண்ணை எடுத்து முன்வரிசையைப் பார்த்து, திருத்தத்துக்காகக் காத்து நின்றார்.

சார் எழவில்லை. கையைச் சற்று உயர்த்தி, மேலே வாசியுங்கள் என்று காட்டினார்.